இலைத்துண்டு வைத்த கிண்ணம்

கடையில் எந்தப் பொட்டலத்தைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது பச்சைப் புள்ளியைத்தான். விலை அதற்குப் பிறகு. நம் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்குக் கண்ணாடி போட்டால்தான் அந்தப் புள்ளி தெரியும். எனக்குக் கண்ணாடி போட்டும் சந்தேகம் தீராது. பச்சை என்று நினைத்துப் பழுப்பை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அதனால் பக்கத்தில் நிற்கிற யாரிடமாவது, “இது பச்சைதானே?” என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வேன். வீட்டுக்கு வந்து மகளிடம் இன்னொரு தடவை. போன வாரம் ஒரு ஜெல்லிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு இப்படி நின்றபோது கடைப்பெண் சிரித்துவிட்டாள். சிரிக்கட்டும். ஜெல்லி எதில் செய்தது என்று தெரியாமல் எங்கள் வீட்டில் ஒருத்தி பட்டினி கிடந்த கதை அவளுக்கு எப்படித் தெரியும்?

நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்-கொச்சியோடு சேர்ந்து கிடந்த காலம் அது. எனக்கு அஞ்சாங்கிளாஸ். ஜெல்லி என்ற சொல்லையே நாங்கள் கேட்டதில்லை. தொட்டால் ஆடுகிற பண்டங்கள் உண்டு. நுங்கு உண்டு, இளநீர் வழுக்கை உண்டு. வயிற்றுக்கு ஆகவில்லை என்றால் கூவைக்கிழங்கு மாவில் அம்மா களி கிண்டுவாள். ஆறினால் அது கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு, ஒரு ருசியும் இல்லாமல், கலங்கின கண்ணாடி மாதிரி நிற்கும். ஆனால் இவையெல்லாம் மரத்தில் காய்த்தவை, மண்ணில் விளைந்தவை. எங்கே பிறந்தவை என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

எங்கே பிறந்தது என்பதுதான் அம்மாவுக்கு முக்கியம். எங்களுடையது மீன், முட்டை வாசல்படி ஏறாத வீடு. சீனியை எலும்புக் கரி போட்டு வெளுக்கிறார்கள் என்று யாரோ சொன்னதிலிருந்து எங்களுக்குக் கருப்பட்டிதான். பெருங்காயம் தோல்பையில் வருகிறது என்று கேள்விப்பட்டதும் ரசத்தில் அதுவும் போயிற்று. அப்பா மட்டும் கல்யாண வீடுகளில் ரசத்தை இரண்டு முறை வாங்கிக் குடிப்பார். அம்மா தூரத்திலிருந்து பார்ப்பாள்.

அண்ணன் கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் ஆகவில்லை. அண்ணன் பெஞ்சாதியை எங்கள் பக்கத்தில் மயினி என்போம். மயினி தாழக்குடிப் பக்கத்துப் பெண். மெலிந்த உடம்பு, மெலிந்த குரல். அம்மா எதிரே வந்தால் சுவரோடு சுவராக ஒதுங்கி நிற்பாள். அம்மா ஒன்று கேட்டால் தலையாட்டல்தான் பதில். ஊமையைக் கொண்டுவந்து தலையில் கட்டிவிட்டார்கள் என்று அம்மா சில நாள் அலுத்துக்கொள்வாள். என்னோடு தனியே இருக்கும்போது மயினி கிணுகிணுவென்று பேசுவாள் என்பது அம்மாவுக்குத் தெரியாது.

ஐப்பசி மழை விடாமல் பெய்த அந்தச் சமயத்தில்தான் மயினிக்கு விஷக்காய்ச்சல் வந்தது. இப்போது டைபாய்டு என்கிறார்களே, அதேதான். வைத்தியர் கஷாயம் கொடுத்துப் பார்த்தார். காய்ச்சல் இறங்குவதாக இல்லை. கடைசியில் வில்வண்டியில் படுக்கவைத்து மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மருந்து அவர்களுடையது, சாப்பாடும் தண்ணீரும் நம்முடையது என்று அம்மா முதலிலேயே சொல்லிவிட்டாள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் செம்பில் வந்தது. மயினிக்குக் கூட்டாக இருக்க என்னை விட்டார்கள். பள்ளிக்கூடம் பத்து நாள் போகாவிட்டால் என்ன கெட்டுவிடும் என்றார் அப்பா. அந்தப் பத்து நாள் இன்னும் முடியவில்லை. நான் பிறகு பள்ளிக்கூடம் போகவே இல்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியை நினைத்தால் இன்றும் பினாயில் வாடைதான் முதலில் வருகிறது. சிவப்புத் தளம், வெள்ளை இரும்புக் கட்டில்கள், ஜன்னலுக்கு வெளியே நந்தியாவட்டைச் செடி. மயினியின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். கண் அசந்துவிட்டால் திடுக்கிட்டு எழுந்து மறுபடி பார்ப்பேன். நான் பார்க்காவிட்டால் அது நின்றுவிடும் என்று எனக்கு எப்படியோ தோன்றிவிட்டது.

காய்ச்சல் மெல்ல இறங்கியது. ஆனால் உள்ளே ஒன்றும் தங்கவில்லை. டாக்டர் அண்ணனை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னதை நானும் கேட்டேன். குடல் நனைந்த காகிதம் மாதிரி இருக்கிறது, ஒரு பருக்கை சோறு போனாலும் கிழிந்துவிடும், ஆனால் எதையாவது சாப்பிடாவிட்டால் ஆள் தேறமாட்டாள். அம்மா கொண்டுவந்த பார்லித் தண்ணீர், கூவைக்களி, ஆரஞ்சுச் சாறு எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன.

அப்போதுதான் ஒரு நாள் வெள்ளைக்கார மதாம்மா ஒரு கண்ணாடிக் கிண்ணத்தோடு வந்தாள். தாதிகளுக்கெல்லாம் தலைவி அவள். வேதப்புத்தகத்தில் படித்த தமிழ்தான் அவளுக்குத் தெரியும். கிண்ணத்தின் மேல் ஒரு சின்ன வாழையிலைத் துண்டு மூடியிருந்தது. ஈ விழாமல் இருக்க வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, அதை எடுத்து ஜன்னல் வழியாக எறிந்தேன். உள்ளே சிவப்பாக ஒரு பொருள். ஜன்னல் வெளிச்சம் அதன் வழியாகப் போய் மயினியின் வெள்ளைப் போர்வையில் ஒரு சிவப்பு வட்டம் போட்டது. கிண்ணம் அசைந்தால் அந்த வட்டமும் நடுங்கியது. மதாம்மா ஒரு கரண்டி எடுத்து மயினியின் வாயில் வைத்தாள். மயினி கண்ணை மூடிக்கொண்டாள். அது உள்ளே போயிற்று, திரும்பி வரவில்லை.

அம்மா அப்போது கட்டில் பக்கத்தில்தான் நின்றாள். இது என்ன சாதனம் என்று கேட்டாள்; எங்கள் பக்கத்தில் பொருளுக்குச் சாதனம் என்றுதான் பேச்சு. “ஜெல்லி. கனியும் புஷ்பமும். பயப்படாதேயுங்கள், இவள் புசிக்கிறாள்” என்றாள் மதாம்மா. அம்மாவுக்கு இருந்த சந்தோஷத்தில் அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. மயினி மிச்சம் வைத்ததை வீணாக்க வேண்டாம் என்று என்னிடமே தந்தாள். புளிப்பும் இனிப்புமாக நாக்கில் நின்றது, கடிப்பதற்குள் நழுவிவிட்டது.

அதன் பிறகு தினமும் கிண்ணம் வந்தது, தினமும் இலைத்துண்டை எறிந்தேன். மயினி தலையணையில் சாய்ந்து உட்காரும் அளவுக்கு வந்தாள். என் சடையைக்கூட ஒரு நாள் பின்னிவிட்டாள்.

கொழும்பு மாமா பார்க்க வந்தது அப்போதுதான். அம்மாவுக்குச் சித்தப்பா மகன். கொழும்பில் ஒரு துரை பங்களாவில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவர். ஊரில் எதைக் காட்டினாலும், அங்கே இதை எப்படிச் செய்வார்கள் தெரியுமா என்றுதான் பேச்சைத் தொடங்குவார். கிண்ணத்தைக் கண்டதும் சிரித்தார்.

“யக்கா, இது என்ன சாதனம்னு தெரிஞ்சுதான் குடுக்கியளா? மாட்டுக் கொளம்பப் போட்டு காச்சி எடுக்கதாக்கும் இது. துரை வீட்டுல நான் கண்ணால பாத்தவன்.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். சத்தம் போடவில்லை. அம்மா சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. கிண்ணத்தை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தாள். குழாயில் கையைக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். மயினியின் வாயை ஈரத் துணியால் துடைத்தாள். பிறகு என் வாயையும்.

அன்றிலிருந்து ஜெல்லி நின்றது. மறுபடி கூவைக்களி, மறுபடி வாந்தி. தெரிந்த சாதனம் போதும், தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்றாள் அம்மா. அண்ணன் சாயங்காலம் சைக்கிளில் வந்து கட்டிலருகே நிற்பான்; கைக்கடிகாரத்தின் வாரைக் கழற்றுவான், மாட்டுவான். ஒரு வார்த்தை அம்மாவிடம் கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை. மயினி மறுபடி சரிந்து படுத்துவிட்டாள். கன்ன எலும்பு மேலே வந்துவிட்டது. எனக்கு இரண்டு பக்கமும் பயம். மயினி சாப்பிடாமல் செத்துப்போவாளோ என்று ஒரு பயம். குளம்பைத் தின்றவள் இனி விளக்கேற்றலாமா, அடுக்களைக்குள் வரலாமா என்று இன்னொரு பயம். நானும்தான் தின்றிருந்தேன். தாதிகள் அறையில் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது. அதன் முன்னால் நின்று நாக்கை நீட்டி நீட்டிப் பார்ப்பேன்.

ஜெல்லி எதில் செய்தது என்று மதாம்மாவிடம் கேட்டேன். அவளுக்கு என் பேச்சு பாதிதான் புரிந்தது. கையைப் பிடித்துக் குசினிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

குசினிக்காரி கடற்கரை ஊரான முட்டத்துக்காரி. பருத்த உடம்பு, காதில் கனத்த பாம்படம். விஷயத்தைக் கேட்டதும் முகம் கறுத்துப்போயிற்று.

“உங்க அம்மைக்கு எனக்க கைமேல சந்தேகமா, பிள்ளே? சைவக்காரியளுக்கு நான் ஆட்டுக்கால் குடுப்பனா?”

திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் காட்டினாள். ஒரு மூலையில் துணி மூட்டையில் வெந்த கொய்யாப்பழம் தொங்கியது. கீழே சட்டியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. மூட்டையைப் பிழியக் கூடாதாம், பிழிந்தால் கலங்கிவிடுமாம். அந்தத் தண்ணீரில் சீனியும் எலுமிச்சையும் சேர்த்துக் காய்ச்சினால் தானே உறைந்துவிடும், ரொட்டியில் தடவுவதற்கு. அடுத்த அடுப்பில் ஆட்டுக்கால் வெந்துகொண்டிருந்தது. அந்தச் சாறு ஆறினால் அதுவும் உறையும். அது கவிச்சி சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும். மூன்றாவதாக ஒரு பானைக்குள்ளிருந்து வெளுத்து நைந்த நூல்கண்டு மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டினாள். கடல்பாசி. கீழைக்கரைப் பக்கமிருந்து காய்ந்து வரும், தங்கள் ஊர்ப் பாறையிலும் கொஞ்சம் உண்டு என்றாள். நல்ல தண்ணீரில் மாற்றி மாற்றி ஊறவைத்து, கரையக் காய்ச்சி, வடிகட்டி, தேனும் செம்பருத்திப் பூ அவித்த தண்ணீரும் சேர்ப்பது. அந்தப் பூத் தண்ணீர் முதலில் கருநீலமாக இருந்தது. எலுமிச்சையைப் பிழிந்ததும் கண் முன்னாலேயே சிவந்தது. நான் அப்படி ஒரு வித்தையைப் பார்த்ததில்லை.

“இதுதான் உங்க மயினிக்கு. மேல எலத்துண்டு வச்சிருந்தது பாக்கல்லியா? சைவக் கிண்ணத்துக்கு எல வைப்பேன், கால் கிண்ணத்துக்கு வைக்கமாட்டேன். வந்து எடுக்க தாதிக்கு அத விட்டா வேற என்ன அடையாளம்?”

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஓடிப்போய் ஜன்னலுக்குக் கீழே நந்தியாவட்டைத் தூரில் தேடினேன். நான் எறிந்த இலைத்துண்டுகள் எல்லாம் அங்கேயே கிடந்தன. பழையவை காய்ந்து சுருண்டு, புதியவை பாதி மஞ்சளாக. எல்லாவற்றையும் பாவாடையில் பொறுக்கிக்கொண்டு வந்து, அம்மா வந்ததும் கட்டிலில் கொட்டினேன்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். “எல வச்சா சைவமா? ஆட்டுமேலயும் எல வைக்கலாம்” என்றாள்.

அதற்கும் குசினிக்காரி ஒரு வழி சொல்லி அனுப்பியிருந்தாள். கால் ஜெல்லி வெயிலில் நிற்காது, தண்ணீராகிவிடும், பாசி அசையாமல் நிற்கும் என்று. ஒரு தட்டில் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிவந்து ஜன்னல் திண்டில் வெயில்பட வைத்தேன். கால் ஜெல்லி இருந்த பக்கம் பார்க்கும்போது அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள், ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. பக்கத்துக் கட்டில்காரிகளும் எட்டிப் பார்த்தார்கள். வெயில் ஏற ஏற ஒன்று ஓரத்தில் வியர்த்தது, சரிந்தது, தட்டோடு ஓடியது. சிவப்பு மட்டும் வைத்த மேனிக்கு நின்றது. விரலால் தொட்டேன், ஆடியது.

அம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது. குளம்பு இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவள் அம்மா அல்லவா?

“பாசி எங்க மொளைக்கிண்ணு சொன்ன?”

“கடல்ல.”

“மீனு முட்டயிடுக எடத்துல. மீனு காயப்போடுக மணல்லதான அதையும் காயப்போடுவாவ? கடல்ல உள்ள சாதனம் ஒண்ணும் எனக்க வீட்டு ஆளுக்க வாயில போவாது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா தூக்குப்போணியைத் திறந்து கூவைக்களியை எடுத்துக் கலக்கினாள். அப்போதுதான் கட்டிலிலிருந்து அந்தக் குரல் வந்தது. கண்ணைத் திறக்காமலே கேட்டாள் மயினி.

“அத்தை, உப்பு?”

உப்பு வேண்டும் என்று கேட்கிறாள் என்றுதான் நான் ஒரு நொடி நினைத்தேன். அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் வீட்டு உப்பு கடற்கரை உப்பளத்திலிருந்து வண்டியில் வருவது. கல்லும் மணலும் போக அம்மாவே முறத்தில் புடைத்து, மரத்தில் கடைந்த மரவையில் போட்டு வைப்பாள். அம்மா மயினியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வருஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தவள் முதன்முதலாக அம்மாவிடம் கேட்ட கேள்வி அது. பிறகு தூக்குப்போணியை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தச் சாயங்காலம் முழுக்க எனக்கு ஒரே யோசனை. மாமியாரை எதிர்த்துப் பேசியவளைத் தாழக்குடிக்கே அனுப்பிவிடுவார்களோ? மயினியிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். மயினி, “தெரியல்ல பிள்ளே, வாயில வந்துட்டு” என்றாள்.

மறுநாள் காலையில் அம்மா குளித்து, திருநீறு பூசி வந்தாள். மதாம்மா விடாமல் மறுபடி ஒரு கிண்ணத்தோடு வந்தபோது எழுந்துபோய்த் தன் கையால் வாங்கினாள். இலைத்துண்டை எடுத்துப் பார்த்தாள். எறியாமல் ஜன்னல் திண்டில் வைத்தாள். கட்டிலில் மயினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியை நீட்டினாள்.

“வாயத் தொற மக்கா.”

மயினி வாயைத் திறந்தாள். கிண்ணம் காலியாகும்வரை அம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

வீட்டில் அம்மா உப்பில்லாமல் சாப்பிடுகிறாள் என்பது எனக்கு அப்பா சொல்லித்தான் தெரிந்தது. மற்றவர்களுக்கு உப்புப் போட்டுச் சமைத்தாள், ருசி பார்ப்பதில்லை. தனக்கு மட்டும் முன்னதாகவே எடுத்து வைத்துக்கொள்வாளாம். கடலை வீட்டை விட்டே விரட்டியாயிற்று என்று அப்பா கேலி செய்தார். கொழும்பு மாமா, இந்த அக்காளுக்குத் தோல்வியை ஒத்துக்கொள்ளத் தெரியாது என்றார். வீட்டில் எல்லோரும் அதை வீம்பு என்றே முடிவு கட்டினார்கள். நானும்தான். இப்போது அம்மாவின் வயதையும் தாண்டிவிட்ட பிறகு எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. தீராத நோவுக்கு உப்பை விட்டு விரதம் இருப்பது நம் பக்கத்தில் இருந்த நேர்ச்சைதானே? அவள் எந்தச் சாமியிடம் என்ன சொல்லிவிட்டு அந்த உப்பில்லாச் சோற்றைத் தின்றாளோ? எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

தை பிறப்பதற்குள் மயினி வீட்டுக்கு வந்துவிட்டாள். மதாம்மா அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தை அவளுக்கே கொடுத்துவிட்டாள். தோட்டத்து மட்டி வாழைக்குலை ஒன்றை அம்மா குசினிக்காரிக்கு அனுப்பினாள். சுமந்துகொண்டு போனவர் கொழும்பு மாமா. அவரைத்தான் போகச் சொன்னாள். போகும்போதும் அவர், அந்த நாட்டில் குளம்புதான், நான் பொய் சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டே போனார். பாவம், அவர் சொன்னதும் நிஜம்தான். ஜெல்லி ஒன்றல்ல என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

வந்த அன்று மத்தியானம் மயினி சுவரைப் பிடித்துக்கொண்டே அடுக்களைக்குள் போனாள். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மயினி உப்பு மரவையை எடுத்துவந்து, குனிந்து, அம்மாவின் இலை ஓரத்தில் உப்பு வைத்தாள். கொஞ்சம் தாராளமாகவே விழுந்துவிட்டது.

“கூடிப் போச்சு மக்கா” என்றாள் அம்மா. ஆனால் ஒரு கல் மிச்சம் வைக்கவில்லை.

அந்தக் கண்ணாடிக் கிண்ணம் வெகுநாள் எங்கள் அடுக்களைப் பலகையில் இருந்தது. ஒரு வெள்ளையடிப்பின்போது விழுந்து உடைந்தது. உப்பு மரவை யார் வீட்டுக்குப் போயிற்றோ, தெரியவில்லை. மயினி அதன் பிறகு அம்மாவிடம் பேசத் தொடங்கினாள். பேசினாள் என்றால் சாதாரணப் பேச்சா? இருவரும் அடுக்களையில் சண்டை போடுகிற சத்தம் தெருவுக்குக் கேட்கும். என்ன சண்டை என்று ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

பல வருஷம் கழித்து, அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது தொண்டையில் ஒன்றும் இறங்கவில்லை. மயினிக்கும் அப்போது தலை நரைத்துவிட்டது. யாரையும் கேட்காமல் கடல்பாசி வாங்கிவரச் சொல்லி ஊறவைத்தாள். எங்கள் கொல்லைச் செம்பருத்தியையே பறித்து அவித்தாள். எவர்சில்வர் கிண்ணத்தில் அது சிவப்பாக உறைந்தது. அதன்மேல் சின்னதாக ஒரு வாழையிலைத் துண்டு வைத்துக் கட்டிலுக்குக் கொண்டுவந்தாள். அம்மாவுக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. கையை நீட்டிக் கிண்ணத்தின் மேல் தடவினாள். விரல் இலையில் பட்டதும் நின்றது.

“உப்பு போட்டியா மக்கா?” என்று கேட்டாள்.

மயினி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “போடாம பின்ன, அத்தை? வாயத் தொறங்க” என்றாள்.

அம்மா வாயைத் திறந்தாள்.